கயிற்றை மட்டும் வைத்துக்கொண்டேன்

என் மகனுக்கு,

உன்னைக் காத்துவருகிற ஆண்டவர், உன் அம்மாவின் கோபத்திலிருந்தும் உன்னைக் காப்பாராக. உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் இல்லையே என்று தவித்திருப்பாய். தவிக்கட்டும் என்றுதான் முதல் வாரம் எழுதவில்லை. இரண்டாவது வாரம் எழுதி எழுதிக் கிழித்தேன். மூன்றாவது வாரம் நடந்ததை உனக்கு வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன். மீனாட்சிபுரத்துக்கு வாத்தியாராகப் போய் எட்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் "சௌக்கியமுங்களா அம்மா" என்று எழுதுகிறாய். அந்த ஊர் மரியாதை உனக்கு ஒட்டிக்கொண்டது சந்தோஷம். ஆனால் அதே கடிதத்தில் மன்னிப்பைப் பற்றி மூன்று வேத வசனங்களை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் கோடு வேறு போட்டிருந்தாய். அந்த மூன்றையும் உனக்கு மனப்பாடம் பண்ணிக் கொடுத்தவள் நான்தான் என்பது மறந்துபோயிற்று போலிருக்கிறது.

நீ கேட்டது இதுதான். யாக்கோபு கங்காணியின் மகள் சாராளைக் கட்டிக்கொள்ளப் போகிறாய். கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கச் சொல்லி உபதேசியாருக்கும் எழுதிவிட்டாய். ஆனால் கங்காணி சபைத் தடையில் இருக்கிறான். திருவிருந்தில் சேராதவன் மகளைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் ஒப்படைக்க நம் சபையில் வழக்கமில்லை. அந்தத் தடையைப் போட்டவள் நான். நான் ஒரு வார்த்தை சொன்னால் அது நீங்கும். "ஒரே ஒரு வார்த்தை அம்மா" என்று எழுதியிருந்தாய். பதினொரு வருஷம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை அது. அதை நீ தபாலில் கேட்கிறாய்.

முதலில் எனக்கு என்ன தோன்றிற்று என்பதை மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்து வெகுகாலம் ஆயிற்று. ஓலை வாசித்து முடித்ததும், இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்பார்களே, மூன்றாவது ஞாயிறு குருவானவரே வந்து கேட்பார், அப்போது நான் எழுந்து நிற்பேன் என்று முடிவு செய்தேன். என் மகளைப் பறித்தவன் மகளை என் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று, மலை ஜனம் முழுவதும் கேட்கச் சொல்வேன். அவன் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பான். அன்றைக்குக் கட்டப் போகிற சேலையைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். உன்னைப் பற்றி நினைத்தேனா என்று கேட்காதே. நினைக்கவில்லை.

எஸ்தர் எப்படி இறந்தாள் என்று நீ அறிந்ததெல்லாம் நான் சொன்னதுதான். நீ அப்போது போர்டிங்கில் இருந்தாய். உன் அப்பா இறந்து நாலு வருஷம். பெரிய வெள்ளம் வந்ததற்கு அடுத்த வருஷம், ஆடி மழை. எஸ்டேட்டில் விஷக் காய்ச்சல் பரவிற்று. மேல் லயத்து வரிசை வீடுகளில் இருந்த நம் ஜனம் யாரும் ஓடைப் பாலத்தைத் தாண்டிக் கீழே வரக்கூடாது என்று துரை உத்தரவு போட்டார். பாலத்தில் கயிறு கட்டி யாக்கோபு கங்காணியைக் காவல் நிறுத்தினார்கள். காய்ச்சலில் கொதிக்கிற ஆறு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஏலப்பாறை ஆசுபத்திரிக்கு ஓடுகிறேன், அவன் கயிற்றை அவிழ்க்க மறுக்கிறான். "உத்தரவு இல்லக்கா. நீங்க இங்கனயே இருங்க. நான் போயிக் கம்பவுண்டரக் கூட்டியாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினான். அவனும் கம்பவுண்டரும் திரும்பி வரச் சாயங்காலம் ஆயிற்று. எஸ்தர் பாலத்தின் இந்தப் பக்கத்திலேயே, என் மடியில், மழையில் போய்விட்டாள். இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இதை நான் உனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் இதே இடத்தில் தொடங்கி இதே இடத்தில் முடித்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்துக் குருவானவர் வந்தார். நம் மலைக்கோவில் வழக்கம் உனக்குத் தெரியும். திருவிருந்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், சேரப் போகிறவர்கள் பெயர் கொடுக்க வேண்டும். யாரோடாவது மனத்தாங்கல் உண்டா என்று ஒவ்வொருவரையும் கேட்பார்கள். உண்டு என்று ஒருவர் சொன்னால் போதும், சமாதானம் ஆகும் வரைக்கும் இரண்டு பேர் பெயரும் எழுதப்படாமல் நிற்கும். கங்காணி அன்றைக்கு நம் கோவிலில் பெரிய ஆள். உபதேசியார் வராத வாரங்களில் வேதபாடம் வாசிப்பவன் அவன்தான். நான் எழுந்து, உண்டு என்றேன். அவன் எல்லார் முன்னாலும் வந்து என் காலில் விழுந்தான். "உத்தரவ மீறிருக்கணும்க்கா. பயந்துட்டேன். மன்னிச்சிருங்க" என்று அழுதான். நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "எம் மகளக் கொண்டாந்து நிப்பாட்டு, மன்னிக்கேன்" என்றேன். குருவானவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே கேள்வி, இதே பதில். அவன் வேதபாடம் வாசிப்பது நின்றது. கடைசிப் பாயில் உட்கார்ந்தான். பாட்டு முடிந்து திருவிருந்து தொடங்கும்போது சேராதவர்கள் எழுந்து வெளியே போக வேண்டுமல்லவா, அவன் போவான். நானும் போவேன். கோவிலுக்கு வெளியே ஒதுங்க இருப்பது அந்த ஒரு பலா மரம். மழை என்றால் இரண்டு பேரும் அதன் அடியில்தான் நிற்க வேண்டும், அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். உள்ளே போகிற அப்பத்தையும் பாத்திரத்தையும் ஜன்னல் வழியாகப் பார்த்து அவன் கண்ணைத் துடைத்துக்கொள்வான். நான் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்கும் அந்த அப்பம் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அவனுக்கு இல்லை என்பதே எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்கிற அந்த ஒரு வரி வரும்போது மட்டும் வாயை மூடிக்கொள்வேன். ஆண்டவரிடம் பொய் சொல்லக்கூடாது என்று எனக்கு அவ்வளவு பயபக்தி.

அவன் சும்மா இருக்கவில்லை. ஆண்துணை இல்லாத வீடு என்று வாரத்துக்கு ஒரு கட்டு விறகு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவான். வேலைக்குப் போய் வந்து பார்த்ததும் நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் ஓடையில் எறிவேன். அடுப்பில் ஈரச் சுள்ளியை வைத்து ஊதி ஊதிக் கண் எரிந்தாலும் அவன் விறகில் ஒரு குச்சி எரித்ததில்லை. ஆனால் முதல் தடவை எறியும்போது கட்டு அவிழ்ந்து கயிறு என் கையில் நின்றுவிட்டது. அவனே நார் உரித்துத் திரித்த நல்ல கயிறு. கயிறு என்ன பாவம் செய்தது என்று வைத்துக்கொண்டேன். அப்புறம் அதுவே வழக்கமாயிற்று. அவிழ்த்துக் கயிற்றை எடுத்துக்கொண்டு விறகை எறிவேன். உன் சட்டைகள் உலர்ந்த கொடி முழுவதும் அந்தக் கயிறுதான். ஆட்டைக் கட்டியதும் அதில்தான். அவன் நம் வாசலைத் தாண்டிப் போகும்போது கொடியைப் பார்ப்பான். சபையே கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகையில் அவன் சோறு பரிமாறிக்கொண்டு என் வரிசைக்கு வந்தபோது நான் இலையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனேன். அன்றைக்கு நூறு பேர் அதைப் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கவேண்டும் என்றுதான் செய்தேன்.

உன்னிடமும் ஒன்று செய்தேன். பன்னிரண்டு வயதில் விடுமுறை முடிந்து நீ போர்டிங்குக்குப் புறப்பட்டபோது, உன் தகரப் பெட்டியை வண்டி நிற்கும் இடம் வரைக்கும் சுமக்கிறேன் என்று அவன் வந்தான். தன் தலையில் ஏற்றியும் விட்டான். நான் நடு வழியில் ஓடிவந்து அந்தப் பெட்டியை இறக்கச் சொல்லி உன் தலையில் வைத்தேன். இரண்டு மைல் நீ அழுதுகொண்டே சுமந்தாய். கழுத்து பிடித்துக்கொண்டு ஒரு வாரம் திரும்பவில்லை என்று பிறகு எழுதினாய். அவன் பின்னாலேயே, கை கொடுக்கவும் முடியாமல் போகவும் முடியாமல், கடைசி வரைக்கும் நடந்து வந்தான். அவன் முகத்தைப் பார்ப்பதற்காக உன் கழுத்தை முறித்தேன். அதற்கு இப்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கு வருகிறேன்.

மகனே, காய்ச்சல் எஸ்தருக்கு அன்றைக்கு வரவில்லை. அதற்கு முந்தின மூன்று நாளும் இருந்தது. நான் மறைத்தேன்.

அந்த நாட்களில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்று தெரிந்தால் கதவில் சுண்ணாம்பால் ஒரு பட்டை தீட்டிவிடுவார்கள். அந்த வீட்டாரை மேலே காட்டோரத்தில் இருந்த காய்ச்சல் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர்களை எண்ண ஒரு கை போதும். என் கதவில் அந்தப் பட்டை விழக்கூடாது என்று நினைத்தேன். இரண்டு கம்பளியைப் போட்டு மூடி, மிளகுக் கஷாயம் கொடுத்து, சத்தம் போடக்கூடாது என்று பிள்ளையை மிரட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனேன். மூன்று நாளும் அப்படியே போனேன். மலையில் என்னோடு நின்றவர்களோடு சிரித்துப் பேசினேன். ஜெபம் பண்ணினேன், சுகமாகிவிடும் என்று விசுவாசித்தேன். பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்தேன் என்று இப்போது சொல்கிறேன், அப்போது சொல்ல யார் இருந்தார்கள்?

ஒருத்தி இருந்தாள். கங்காணியின் மனைவி ஞானப்பூ. பிள்ளை பெற்று அவளுக்கு உடம்பு சரியில்லாததால் வேலைக்குப் போகாமல் லயத்தில் இருந்தாள். இரண்டாவது நாள் எஸ்தர் முனகுவது எங்கள் இரண்டு வீட்டு நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. பின்கதவு வழியாக வந்து, கஞ்சி புகட்டி, உடம்பைத் துடைத்துவிட்டு, நான் வருகிற வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் அவள் காலைத் தொட்டேன், உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதே என்று. "சொல்லிருவோம்க்கா, கொட்டாயில நானும் கூட வாரேன்" என்றாள். நான் விடவில்லை. சத்தியம் வாங்கிக்கொண்டேன். மூன்றாவது நாளும் வந்து பார்த்துக்கொண்டாள். நாலாவது நாள் பிள்ளைக்கு நினைவு தப்பிய பிறகுதான் நான் தூக்கிக்கொண்டு ஓடினேன். மகளை இழந்த என்னை அன்று சாயங்காலம் பாலத்தருகே கம்பவுண்டர் கேட்டார், எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று. "நேத்துதான்" என்றேன். கங்காணிக்குப் பின்னால் ஞானப்பூ நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்ணைத் தரையில் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டு நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அதற்கடுத்த வாரம் அவளும் போய்விட்டாள். சாராளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுக்குக் கீழே இருந்த கைப்பிள்ளையும் தாய்ப்பால் இல்லாமல் ஒரு மாதத்தில் போயிற்று. ஊர் முழுவதும் காய்ச்சல், எங்கிருந்து வந்தது என்று யார் கேட்பார்கள்? எனக்குத் தெரியும்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் முதல் திருவிருந்திலேயே எழுந்து நின்றேன் என்று? சாகிறதற்கு முன்னால் ஞானப்பூ அவனிடம் சொல்லியிருப்பாளோ என்ற பயம் எனக்கு. அவன் என்னைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் நான் அவனைக் குற்றவாளி ஆக்கிவிட்டேன். அவன் காலில் விழுந்து எழுந்தபோது என்னை ஒரு பார்வை பார்த்தான், அதில் அவனுக்கு எல்லாம் தெரியும் என்று கண்டுகொண்டேன். ஒவ்வொரு மூன்று மாதமும், இன்றைக்குச் சொல்லப் போகிறான், இன்றைக்குச் சொல்லப் போகிறான் என்று அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் சொன்னால் அவன் உள்ளே போகலாம், நான் மட்டும் வெளியே நிற்பேன். சொல்லாமல் பலா மரத்தடிக்கு வந்தான். அவன் பாலத்தில் செய்ததைக்கூட என்றைக்காவது மன்னித்திருப்பேன். இந்தச் சொல்லாமல் இருந்ததை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் மௌனமாக நிற்க நிற்க எனக்கு ஆத்திரம் ஏறிற்று. விறகை எறிந்த கை அந்த ஆத்திரத்தின் கைதான்.

இரண்டாவது ஓலை வாசித்த மறுநாள், மேல்காட்டில் கொழுந்து பறிக்கும்போது சாராள் என் நிரைக்குப் பக்கத்து நிரையை வாங்கிக்கொண்டு வந்தாள். பதினொரு வருஷத்தில் அவள் என்னோடு பேசியதில்லை, நானும் பேசியதில்லை. கல்யாணத்துக்காகக் கெஞ்ச வருகிறாள் என்று நினைத்து, என்ன சொல்லி விரட்டலாம் என்று வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கெஞ்சவில்லை. கை ஓயாமல் பறித்துக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல் பேசினாள்.

"அத்த, எங்கம்மா யார் வீட்டுல காய்ச்சல வாங்குனான்னு எனக்குத் தெரியும். அவ சாகும்போது நானும் பக்கத்துல இருந்தேன். வெளிய சொன்னா எம் மக இல்லன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாரு. பிள்ளையப் பறிகொடுத்தவ, அவ தலையில இதையும் வைக்கக்கூடாதுன்னாரு. உங்க மகன்கிட்டகூட நான் சொல்லல. நீங்க ஞாயித்துக்கிழம எந்திரிச்சித் தடை சொல்லுங்க, வேண்டாங்கல. தெரிஞ்சிக்கிட்டுச் சொல்லுங்க."

கூடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த நிரைக்குப் போய்விட்டாள். அவள் அழுதிருந்தால் நான் தப்பித்திருப்பேன். உனக்கு வாய்க்கிற பெண்டாட்டியைப் பற்றி உனக்கு இதைவிட நல்ல செய்தி நான் எழுத முடியாது.

சனிக்கிழமை வந்தது. குருவானவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், உபதேசியார் பக்கத்தில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது, கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே உபதேசியார் என் பெயரைத் தள்ளி வைக்கிற இடத்தில் எழுதப் போனார், அவ்வளவு பழக்கம். பொறுங்கள் என்றேன். எனக்கு யாரோடும் மனத்தாங்கல் இல்லை என்றேன். பிறகு நான் மூன்று நாள் கதையைச் சொன்னேன். சுண்ணாம்புப் பட்டைக்குப் பயந்ததை, ஞானப்பூவை, கம்பவுண்டரிடம் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும், நின்றுகொண்டே சொன்னேன். யாரோ ஒருத்தி, அந்தக் காய்ச்சலில் பிள்ளையை இழந்தவள், எழுந்து வெளியே போனாள். சொல்லி முடித்துவிட்டு, "எனக்கு அவுக மேல ஒண்ணுமில்ல. அவுகளுக்கு எம் மேல உண்டான்னு கேளுங்க" என்றேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தது என்ன நடக்கும் என்று நான் முந்தின நாளே மனசுக்குள் நடத்திப் பார்த்துவிட்டேன். கங்காணி ஓடி வருவார், இல்லை அக்கா என்பார், நானும் அழுவேன், எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள், மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து முழங்கால் போடுவோம். (இனிமேல் அவர் என்றே எழுதுகிறேன். உனக்கு மாமனார்.) குருவானவர் அவரைப் பார்த்துக் கேட்டார். அவர் கடைசிப் பாயிலிருந்து எழுந்தார். துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உண்டு ஐயா" என்றார். "அவுக கேக்காத வரைக்கும் நான் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். இப்பக் கேட்டுட்டாக. உண்டு."

என்ன செய்தால் தீரும் என்று குருவானவர் கேட்டார். "தெரியல ஐயா. நாளாகும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். வழக்கப்படி இரண்டு பேர் பெயரும் நின்றிருக்க வேண்டும். ஆனால் குருவானவர், இந்த மனுஷனைப் பதினொரு வருஷம் வெளியே நிறுத்தியாயிற்று, இனி நிறுத்த எனக்குத் தைரியமில்லை என்றார். அவர் பெயரை எழுதச் சொன்னார். என் பெயர் மட்டும் நின்றது.

மறுநாள் மூன்றாவது ஓலை வாசித்தார்கள். தடை சொல்ல யாராவது உண்டா என்று கேட்டபோது எல்லார் முகமும் என் பக்கம் திரும்பிற்று. நான் உட்கார்ந்திருந்தேன். ஆகவே உன் கல்யாணத்துக்குத் தடையில்லை, சந்தோஷப்படு. திருவிருந்து தொடங்கியதும் நான் எழுந்து வெளியே போனேன். நல்ல மழை. பலா மரத்தின் இந்தப் பக்கம் நின்றேன், அந்தப் பக்கம் யாருமில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் முழங்கால் போட்டு இரண்டு கையையும் ஏந்தி அப்பத்தை வாங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று எழுதுவேன்! வாய்விட்டுக் கேட்ட பிறகும் இப்படி நிறுத்திவிட்டாரே, இத்தனை வருஷம் பரிசுத்தவான் வேஷம் போட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சமயம் பார்த்து அடித்துவிட்டாரே என்று மரத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். அப்புறம்தான் எனக்குப் பசித்தது. அந்த அப்பத்துக்கான பசி. பதினொரு வருஷமாக இல்லாத பசி. அது வந்ததும் நான் உட்கார்ந்து, சேலை நனைந்தாலும் பரவாயில்லை என்று அங்கேயே உட்கார்ந்து, எஸ்தருக்காக அழுதேன். அவள் இறந்த நாளிலிருந்து நான் அவளுக்காக அழுததே இல்லை மகனே. அந்த இடம் முழுவதையும் யாக்கோபு கங்காணிக்குக் கொடுத்து வைத்திருந்தேன்.

குடித்தனம் நடத்தப் போகிறவனுக்குப் புத்தி சொல்லாமல் தாய் கடிதம் எழுதக்கூடாது. என் புத்தி கொஞ்சம்தான். எதையும் மூன்று நாள் மறைக்காதே. முதல் நாள் மறைப்பது பயம், அதை ஆண்டவர் மன்னிப்பார், பெண்டாட்டியும் மன்னிப்பாள். மூன்றாவது நாள் அதற்கு ஒரு காவல்காரன் வேண்டும், யாரையாவது பிடித்து நிறுத்திக் குற்றவாளி என்று சொல்ல வேண்டும். உனக்கு யார் மேலாவது ஆறாத கோபம் வந்தால், அந்த ஆளுக்கு உன்னைப் பற்றி என்ன தெரியும் என்று ஒரு தடவை யோசித்துப் பார். இன்னொன்று. மனந்திரும்புவது உன் கையில் இருக்கிறது. மன்னிப்பு உன் கையில் இல்லை, அது கொடுக்கிறவர் கையில் இருக்கிறது. அழுதுவிட்டோம், சொல்லிவிட்டோம், இனி கொடுத்தாக வேண்டும் என்று நான் நினைத்தேன் பார், அதுவும் ஒரு அதட்டல்தான். ஆண்டவர் என்னை மன்னித்தார் என்று விசுவாசிக்கிறேன். ஞானப்பூவின் புருஷனும் அதே வேகத்தில் மன்னிக்க வேண்டும் என்று எந்த வசனத்தின் கீழும் கோடு போட்டு அவருக்கு அனுப்பாதே. அவர் பதினொரு வருஷம் என்னிடம் கேட்டார். நான் அவரை இரண்டு நாளில் அவசரப்படுத்த முகமில்லாதவள்.

கல்யாணத்துக்கு நான் வருவேன். தடை சொல்லப் போகிற அன்றைக்குக் கட்ட எடுத்து வைத்த சேலை இருக்கிறது, அதையே கட்டிக்கொள்கிறேன். உன் மாமனார் சாராளைக் கைப்பிடித்துக் கொண்டுவருவார், நீ அவரை வணங்கு. திருவிருந்து ஆரம்பிக்கும்போது நான் எழுந்து வெளியே போனால் திரும்பிப் பார்க்காதே, யாரையும் அனுப்பிக் கூப்பிடாதே, அவரிடம் கண்ணைக் காட்டிக் கெஞ்சவும் கெஞ்சாதே. எனக்கு அந்த மரத்தடி நன்றாகப் பழக்கம். சாராள் என்னைப் பற்றி உன்னிடம் என்ன சொன்னாலும், அவளுக்கு அது உரிமை. எனக்காக அவளிடம் வாதாடாதே.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் காட்டுக்குப் போய் விறகு பொறுக்கினேன். முழங்கால் போன நிலையில் ஒரு கட்டு சேர்க்க நேரமாயிற்று. நம் கொடியில் பாதியை அவிழ்த்து, அந்தக் கயிற்றால் கட்டி, அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். கதவு சாத்தியிருந்தது, தட்டவில்லை. நேற்றுச் சாயங்காலம் ஓடைப் பக்கம் போய்ப் பார்த்தேன். விறகு தண்ணீரில் கிடந்தது, ஒரு குச்சி குறையாமல். எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. கரையில் நின்று தேடிப் பார்த்தேன். கயிற்றை மட்டும் காணோம்.

இன்றைக்கு அடுத்த கட்டுக்காகக் கொடியில் மிச்சமிருந்த பாதியையும் அவிழ்த்துவிட்டேன்.

உன் அம்மா